உப்பு தின்னும் புகைபோக்கி

ஆம்பூரிலிருந்து வங்கக்கடல் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அலையில் தெறித்துக் காற்றேறும் உப்புத்துளிகளில் பெரும்பகுதி கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஆகவே கடலோர வீடுகளுக்கு வரும் நோய் பாலாற்றங்கரை வீடுகளுக்கு வரக் காரணமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் செங்கல்லால் எழுப்பிய புகைபோக்கிக்கு வரும் கேடு மீனவக் குப்பத்துச் சுவருக்கு வருவதேதான். முதலில் வெள்ளையாக உப்பு பூக்கும். பிறகு செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். கடைசியில் மூட்டுச் சாந்து விரல் பட்டாலே மாவாகக் கொட்டும். இங்கே உப்பு கிணற்று வழியாக வருகிறது. பழுதுபார்க்கும் முறை முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே அமைகிறது.

புகைபோக்கி வேலை செய்யும் விதத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். அடுப்பின் சூட்டில் காற்று விரிந்து எடை குறைகிறது. குழாய்க்குள் இருக்கும் இலேசான காற்றை வெளியே இருக்கும் கனமான காற்று கீழிருந்து மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளுவிசை மிகச் சிறியது. 3 மீட்டர் உயரப் புகைபோக்கியில் புகை 150 டிகிரி செல்சியஸில் ஏறுவதாகக் கொள்வோம். மார்கழி விடியலில் வெளிக்காற்று 18 டிகிரி என்றால் கிடைக்கும் இழுப்பு சுமார் 11 பாஸ்கல். அக்னி நட்சத்திரத்து நண்பகலில், வெளிக்காற்று 42 டிகிரியில், அதே புகைபோக்கிக்கு 8.4 பாஸ்கல்தான் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே ஏறத்தாழ 10 பாஸ்கல். கோடையில் அடுப்பு அதிகம் புகைவதாகச் சமைப்பவர்கள் சொன்னால் அது வெறும் எரிச்சல் பேச்சு இல்லை. இழுப்பில் கால்பங்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

இவ்வளவு மெல்லிய விசையை நம்பி நிற்கும் குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? புகை அதன் வழியே வெளியே கசியும் என்றே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறாக நடக்கிறது. குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் விரிசல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது, புகையின் சூடு தணிகிறது, இழுப்பு விழுகிறது. மேலே போகாத புகை அடுப்பு வாயிலேயே திரும்பி அறைக்குள் பரவுகிறது. மொட்டை மாடியில் உதிர்ந்த ஒரு கோடு சாந்துக்கு, கீழே அடுப்படியில் கண் கலங்கும் ஒரு பெண் விலை கொடுக்கிறாள். சமையலறைச் சுவர் திடீரெனக் கறுக்கத் தொடங்கினால் அடுப்பைக் குறை சொல்லுமுன் புகைபோக்கியின் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்.

இனி உப்பு. இந்த வட்டாரத்துக் கிணறுகளுக்கு அது தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்தது. உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு சாதாரண உப்பு தடவப்படுகிறது. பதனிடும் கூடத்துக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அடுத்தடுத்த கட்டங்களில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பிறகு கந்தக அமிலமும் உப்பும், அதன்பின் குரோமியம் சல்பேட்டும் சேர்கின்றன. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். சுத்திகரிப்பு நிலையங்கள் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் இந்தக் கழிவுநீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் அளித்த தீர்ப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தபடி, தோல் தொழில் பட்டையில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது. பிற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் சவ்வூடு பிரிப்பு ஆலைகளும் வந்தன. ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பு எளிதில் வெளியேறாது.

பயிருக்குக் கேடான அதே தண்ணீரில்தான் வீடும் எழும்புகிறது. செங்கல் கட்டுமானத்தில் தண்ணீர் மூன்று முறை நுழைகிறது: செங்கல்லை ஊறப்போடும்போது, கலவை பிசையும்போது, கட்டியபின் ஈரம் காட்டும்போது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய புகைபோக்கிக்கு 300 செங்கல் என்றால், கல்லுக்கு அரை லிட்டர் வீதம் 150 லிட்டர் உறிஞ்சப்படும். கலவைக்கும் ஈரம் காட்டுவதற்கும் இன்னொரு 250 லிட்டர். கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு கரைந்திருந்தால், தண்ணீர் ஆவியான பிறகு அந்தக் கட்டுமானத்தில் தங்குவது ஏறத்தாழ 2 கிலோ உப்பு. புகைபோக்கி பிறக்கும்போதே நோயோடு பிறக்கிறது. ஐ.எஸ். 456 தரவிதி, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேலும், கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு 500 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக்கூடாது என்கிறது. கட்டும் முன் தண்ணீரைச் சோதிக்கும் வழக்கம் பெரிய கட்டடங்களில் உண்டு. வீட்டு அடுப்படிக்கு அந்தக் கவனம் கிடைப்பது அரிது.

செங்கல்லுக்குள் உப்பு சும்மா கிடந்தால் கேடில்லை. கரைந்து, நகர்ந்து, மறுபடி படிகமாகும்போதுதான் கேடு. சாதாரண உப்புக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். குறைந்தால் திரும்பப் படிகமாகும். கடற்கரையில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதால் உப்பு நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். வேலூரின் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டும். வெயில் ஏறியதும் வெகுவாக இறங்கும். கோடை மதியங்களில் 40-க்கும் கீழே போகும். உப்பு ஒரே நாளில் கரைந்து படிகமாகிறது, மறுநாள் மீண்டும் அதையே செய்கிறது. ஒவ்வொரு முறையும் படிகம் செங்கல்லின் நுண்துளைச் சுவரை உள்ளிருந்து நெம்புகிறது. கடலோரத்தில் இரும்பு முதலில் சாகிறது. இங்கே செங்கல் முதலில் சாகிறது.

சாதாரண உப்பைவிடக் கொடியது சோடியம் சல்பேட். தோல் பதனிடும் நீரில் அதுவும் நிறைய உண்டு. இதற்கு இரண்டு வடிவங்கள்: நீரற்ற பொடி, பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட பெரும்படிகம். முதலாவது இரண்டாவதாக மாறும்போது கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. இந்த மாற்றத்தின் எல்லை வெப்பநிலை 32.4 டிகிரி. அதற்கு மேல் நீரற்ற வடிவமே நிலைக்கும். கீழே இறங்கி ஈரமும் கிடைத்தால் நீரேறிய வடிவம் உருவாகும். வேலூர் வட்டாரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் இந்தக் கோட்டைக் கடந்து மேலே போய் இரவில் கீழே வருகிறது. புகைபோக்கியின் சுவரோ அடுப்பு மூட்டி அணைக்கும் ஒவ்வொரு வேளையும் கூடுதலாக ஒரு முறை கடக்கிறது. கட்டடக் கற்களின் உறுதியைச் சோதிக்கும் ஆய்வகங்கள் அவற்றைச் சோடியம் சல்பேட் கரைசலில் முக்கியெடுத்து உலர்த்தி, மீண்டும் முக்கி, எத்தனை சுற்று தாங்குகின்றன என்று எண்ணுகின்றன. அந்தச் சோதனையைத்தான் பாலாற்றங்கரைப் புகைபோக்கி நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறது.

வெளிச்சுவரை உப்பு தின்ன, உட்சுவரைப் புகை தின்கிறது. ஒரு கிலோ விறகு எரிந்தால் அதன் ஈரத்தோடு சேர்த்து அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். சீமைக்கருவேலம் வெட்டிய கையோடு அடுப்புக்கு வந்தால் இன்னும் அதிகம். இந்த ஆவி, புகைபோக்கியின் குளிர்ந்த மேற்பகுதியில் வியர்வையாகப் படியும். விறகுப் புகையில் காடியின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலமும் உண்டு. இரண்டும் சேர்ந்த கறுத்த நீர் மூட்டிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவிடும். எரியாத ஆவிகள் தார் போன்ற பிசினாகப் படிந்து பின்னொரு நாள் தீப்பற்றினால், குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தொடக்கூடும். மெட்ராஸ் தளம் போட்ட வீடுகளில் மரச்சட்டத்தின் நுனி புகைபோக்கிச் சுவருக்குள் செருகியிருந்தால் அதுவே வீட்டுக்கே நெருப்பாகும்.

ஆம்பூர் வட்டாரத்துக்கென ஒரு எச்சரிக்கையும் உண்டு. காலணித் தொழிற்கூடங்களில் கழியும் தோல் துண்டுகள் நன்றாக எரியும். ஆனால் குரோம் பதனிட்ட தோல் எரியும்போது அதிலுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறன் வடிவத்துக்கு மாறக்கூடும். அது சாம்பலிலும் கரியிலும் தங்கும். பி.வி.சி. கலந்த செயற்கைத் தோலானால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளிப்பட்டுச் சுண்ணாம்பையும் இரும்பையும் அரிக்கும். அப்படி எரித்த அடுப்பின் புகைபோக்கியைத் துப்புரவு செய்பவர் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். வீட்டு அடுப்பில் இந்தத் துண்டுகளுக்கு இடமே கிடையாது.

பழுதுபார்ப்பு, பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறது. வெள்ளைப் படலம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் நின்றுவிட்டால், உப்பு அடித்தளம் வழியே மண்ணிலிருந்து ஏறுகிறது. கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்தில் வளையமாகத் தெரிந்தால் மழைநீர் இறங்குகிறது. அடிமுதல் நுனிவரை பரவலாக இருந்தால் கட்டிய தண்ணீரிலோ செங்கல்லின் மண்ணிலோ கோளாறு. கரணைக் காம்பால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் மாற்ற வேண்டியது. மாற்றுக் கல்லையும் சோதிப்பது நல்லது. தட்டில் 25 மில்லிமீட்டர் மழைநீர் ஊற்றிச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் அது நீரை இழுத்துக்கொண்டு உலரும். மீண்டும் ஒரு முறை நீரூற்றி உலரவிட்டு மேற்பரப்பைக் கவனிக்க வேண்டும். வெள்ளை 10 விழுக்காட்டுக்குள் என்றால் கவலையில்லை. பாதிக்கு மேல் பூத்தால் அந்தச் சூளையின் கல் புகைபோக்கிக்கு ஆகாது.

பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது மிகப் பரவலான தவறு. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த நாளில், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த சாக்கில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும். ஆழத்தில் இருப்பதை வெளியே இழுக்கப் பத்துப் போடும் முறை ஒன்று உண்டு. சலித்த களிமண்ணையோ ஊறவைத்த காகிதக் கூழையோ மழைநீரில் குழைத்து, சுவரில் ஒன்றரை செண்டிமீட்டர் கனத்துக்கு அப்பிவிட வேண்டும். பத்திலுள்ள ஈரம் சுவருக்குள் சென்று உப்பைக் கரைக்கும். பத்து காயும்போது அந்தக் கரைசல் வெளிப்பக்கம் இழுபட்டுப் பத்திலேயே படிகமாகும். காய்ந்ததும் உரித்து வீட்டுக்குத் தொலைவில் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் உப்பு கணிசமாகக் குறையும். புண்ணுக்குப் போடும் மாவுப்பத்து சீழை இழுப்பது போன்ற வேலை இது. பொறுமை வேண்டும், செலவு மிகக் குறைவு.

அடுத்தது மூட்டு. உதிரும் சாந்தை 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய சாந்து திணிக்க வேண்டும். எந்தச் சாந்து என்பதில்தான் பல வீடுகளில் பழுதுபார்ப்பே புதிய பழுதாகிறது. ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையை அழுத்திப் பூசினால் பார்க்க இறுக்கமாக இருக்கும். ஆனால் அதன் வழியே ஈரம் எளிதில் வெளியேற முடியாது. செங்கல்லுக்குள் சிக்கிய உப்புநீர் சாந்தை விட்டுவிட்டுக் கல்லின் முகம் வழியாக ஆவியாகும். சில ஆண்டுகளில் சாந்து கோடுகள் மட்டும் வரம்புபோல நிற்க, நடுவே கற்கள் குழிந்து போயிருக்கும். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். உப்பு எதையாவது தின்றே தீரும் என்றால், மாற்றுவதற்கு எளிதான சாந்தைத் தின்னட்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அல்லது ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சுண்ணாம்பு, ஒன்பது பங்கு மணல் என்ற கலவை இதற்குப் பொருந்தும். மணல் உப்பில்லாததாக இருக்க வேண்டும். பாலாற்று மணல் என்ற பெயரே தரச்சான்று ஆகாது.

தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்த்து வந்தார்கள். அதே கடுக்காய், ஆவாரம்பட்டையோடு சேர்ந்து, குரோம் வருவதற்கு முன் இந்த வட்டாரத்தின் தோலையும் பதனிட்டது. தோலின் புரதத்தைப் பிணைக்கும் கடுக்காய்த் துவர்ப்பு சுண்ணாம்போடும் வினைபுரிகிறது. வெல்லமோ சாந்தின் இளக்கத்தைக் கூட்டி, குறைந்த நீரிலேயே வேலை செய்ய விடுகிறது. நீர் குறைந்தால் நுண்துளைகளும் குறையும், பின்னால் வரும் சுருக்க விரிசலும் குறையும். கூரையும் புகைபோக்கியும் சேரும் மூலையில் சரிவாகப் பூசும் சாந்துக்கு இந்த முறை இன்றும் பொருத்தமானது.

உட்பூச்சுக்குச் சுண்ணாம்பும் ஆகாது, சிமெண்டும் ஆகாது. புகையின் அமிலம் இரண்டையும் கரைக்கும். தீப்பற்றினால் 400 டிகிரிக்கு மேல் அவை நீரை இழந்து பிளக்கும். உமியோ நறுக்கிய வைக்கோலோ கலந்து புளிக்கவைத்த களிமண் பூச்சு அமிலத்துக்கு அசையாது. விரிசல் விட்டாலும் ஈரக்கையால் தேய்த்தே சரிசெய்யலாம். உலோகக் குழாயை உள்ளே இறக்குவதானால் துத்தநாகம் பூசிய தகடு நெடுநாள் தாங்காது. எவர்சில்வரிலும் பாத்திரத்துக்குப் பயன்படும் 304 ரகத்தைக் குளோரைடு புள்ளி புள்ளியாகத் துளைக்கும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் கடற்கரைக்கும் உப்புநீர் ஊருக்கும் ஏற்றது.

மழை உள்ளே இறங்காமல் காப்பதே மற்ற எல்லாவற்றையும் காக்கும். உச்சியில் நான்கு பக்கமும் சரிந்த தொப்பி, சுவரைத் தாண்டி 5 செண்டிமீட்டர் நீண்டு, அடியில் நீர் வழியாமல் சொட்டுவதற்கு ஒரு காடி வெட்டியிருக்க வேண்டும். கான்கிரீட் கூரையில் புகைபோக்கியின் ஓரம் கம்பி வெளியே தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கூரையையே உடைக்கும்.

இந்த வேலைகளுக்குத் தை, மாசி மாதங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வெயில் சாந்தை அவசரமாக உலர்த்தாது. தொட்டியில் மழைநீரும் இருக்கும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பின் ஒரு பகுதியையாவது தொட்டியில் பிடித்து வைத்திருக்கும் வீடு, கலவைக்கும் ஈரம் காட்டுவதற்கும் உப்பில்லாத நீரைக் கையிலேயே வைத்திருக்கிறது. ஒரு புகைபோக்கியைப் பழுதுபார்க்க இருநூறு லிட்டர் தாராளம். சாந்து பூசியபின் மூன்று வாரமாவது அடுப்பு மூட்டக்கூடாது; மூட்டத் தொடங்கும்போதும் சில நாட்கள் சிறு தீயே போதும்.

ஆண்டுப் பராமரிப்பு எளிது. நாள்தோறும் எரியும் விறகடுப்பின் புகைபோக்கியை ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்றை மழைக்காலத்துக்கு முன், துடைக்க வேண்டும். மணல் கட்டிய சாக்கை ஈர்க்குமாற்றுக் கட்டோடு கயிற்றில் இறக்கி ஏற்றினால் கரி உதிரும். மூக்கில் துணி கட்டாமல் செய்யக்கூடாது. குருவிக்கூடு, மைனாக்கூடு, தேனடை இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துவிட்டே தீ மூட்ட வேண்டும். அடைத்த புகைபோக்கி தரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

இத்தகைய பராமரிப்பு இல்லாததால் வீணான ஒரு பெருமுயற்சியும் உண்டு. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தின் எஸ்.பி. ராஜு 1950-களில் புகையில்லா அடுப்பை வடிவமைத்துப் பரப்பினார். 1980-களில் மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிக் கோடிக்கணக்கான அடுப்புகளை நாடெங்கும் பரப்பியது. பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயே புகைபோக்கி. குழாய் அடைத்தபோது துடைக்கச் சொல்லித்தர ஆளில்லாமல், பல வீடுகள் பழைய அடுப்புக்கே திரும்பின. அந்தக் குழாய்கள் இன்னும் எங்காவது நின்றால் அறுக்கவோ துளையிடவோ உடைக்கவோ கூடாது. நன்றாக நனைத்து முழுசாகக் கழற்ற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் புகுந்தால் வெளியே வராது.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு வந்துவிட்டது. செங்கல் புகைபோக்கி பயனற்று நிற்கிறது. பயன்படாத புகைபோக்கிதான் வேகமாகச் சிதையும். அடுப்புச் சூடு தினமும் அதை உலர்த்தி வந்தது, இப்போது உலர்த்த எதுவுமில்லை. எரிவாயுவும் நீரை வெளியிடுகிறது: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்தால் 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிப்படும். அதில் ஒரு பகுதி பழைய குழாய்க்குள் ஏறி, கரியிலும் உப்பிலும் ஒட்டும். இப்படிப்பட்ட புகைபோக்கியைச் சிமெண்டால் முற்றாக அடைத்துவிடக்கூடாது. மழை நுழையாத தொப்பியும், மேலும் கீழும் காற்றோட்டத் துளைகளும் வைத்தால் சுவர் தானாக உலரும். இனி வேண்டவே வேண்டாம் என்றால் கூரை மட்டத்துக்குக் கீழே வரை இறக்கி, கூரையை மூடிவிடலாம். இறக்கிய கற்களைப் புதுச் சுவருக்கோ, உடைத்து ஜல்லியாகத் தளத்துக்கோ போடக்கூடாது. அவற்றுக்குள் இருக்கும் கரியும் பிசினும் புதிய பூச்சில் பழுப்புக் கறையாக வெளிவரும், உப்பு அடுத்த மழைக்காலத்திலேயே பூக்கும்.